கால் நகம் வெட்டிய அம்மா

அம்மா என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன போட்டிருக்கும்? பெற்றவள், தாய், அன்னை என்றுதான் இருக்கும். ஆனால் நம் பக்கத்தில் இந்தச் சொல்லை யார் யாருக்கெல்லாம் கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். டீச்சரம்மா, டாக்டரம்மா, வீட்டுக்காரம்மா, பூக்காரம்மா... காய்கறி விற்க வருகிறவர்கூட "என்னம்மா வேணும்?" என்று நம்மைத்தான் அம்மா என்கிறார்!

இவ்வளவு தாராளமாகப் புழங்குகிற சொல்லை ஒரே ஒருவருக்குப் பெயராகவே வைத்துவிட்ட ஊர் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டுப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற டோனாவூர். அங்கே அந்தப் பெயர் ஏமி கார்மைக்கேல் என்ற ஐரிஷ் பெண்மணிக்கு உரியது. அவர் குழந்தை பெறவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ் அவருடைய தாய்மொழியும் இல்லை. ஆனால் 1951 ஜனவரி 18 அன்று தன் 83-வது வயதில் அவர் இறந்தபோது, அவரை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. நடுவில் எங்கள் திருத்தங்கல் பெரியம்மா ஒருவரும் வருவார். உலகத்துக்குத் தெரிந்த ஒருவரையும் எங்கள் தெருவுக்கு மட்டும் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நான் சொல்ல நினைப்பது முழுசாக வரும்.

சால்வைப் பெண்கள்

ஏமி 1867 டிசம்பர் 16 அன்று வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். 1885-இல் அப்பா இறந்துபோனார். மூத்த பிள்ளை என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதி அம்மா ஆகிவிட வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் பெல்பாஸ்ட் நகரம் லினன் துணி ஆலைகளால் நிறைந்திருந்தது. ஆலையில் வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்கக் காசு இருக்காது. தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். அதனால் அவர்களுக்கு 'சால்வைக்காரிகள்' என்று ஒரு பட்டப்பெயர். இவர்கள் கோயிலுக்குள் வந்து உட்காருவது கௌரவமான குடும்பங்களுக்குப் பிடிக்கவில்லை. ஏமி அந்தப் பெண்களுக்காகத் தனியாகக் கூட்டம் நடத்த ஆரம்பித்தார். கூட்டம் பெருகப் பெருக இடம் போதவில்லை. 1889-இல் தகரத்தால் ஒரு பெரிய மண்டபம் எழும்பியது. ஐந்நூறு பேர் உட்காரலாம்.

சிவகாசிப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இந்தப் பெல்பாஸ்ட் தூரமாகத் தெரியாது. விடியற்காலையில் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறுவார்கள். பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள். (எங்கள் ஊரில் ஃபாக்டரிக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். வெளியூர் நண்பர்கள் ஏதோ ஏசி ரூம் என்று நினைத்துவிடாதீர்கள்!) சாயங்காலம் திரும்பும்போது மருந்து வேலை பார்த்தவர்களின் கை வெள்ளி பூசினது மாதிரி இருக்கும். அலுமினியப் பொடி. சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அந்தக் கையோடு கோயிலுக்கு வந்து பின்வரிசையில் உட்காருகிற அக்காமார்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சால்வைக்காரிகளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

மடியில் வந்து உட்கார்ந்த குழந்தை

ஏமி 1895 நவம்பரில் இந்தியா வந்தார். அதற்கப்புறம் ஐம்பத்தைந்து வருஷம், ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. விடுமுறைக்குக்கூடப் போகவில்லை.

முதலில் பெங்களூர். பிறகு தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் கற்றுக்கொள்வதற்காகத் திருநெல்வேலிப் பக்கம். நம் ல, ள, ழ அவரையும் பாடாய்ப் படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். தமிழ் ஓரளவு வசப்பட்டதும் நம்மூர்ப் பெண்கள் சிலரோடு சேர்ந்து மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். அந்தக் குழுவுக்கு மக்கள் வைத்த பெயர் நட்சத்திரக் கூட்டம். ஏமியும் சேலைதான் கட்டினார். கண் நிறத்தைப் பற்றிய கதை ஒன்றைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருப்போம். சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தாராம், கிடைக்கவில்லையாம். பின்னால் இந்தியாவில் சேலை கட்டிக்கொண்டு நடமாட அந்தப் பழுப்புக் கண்தான் உதவியதாம். நல்ல கதைதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று.

1901 மார்ச். பண்ணைவிளையில் ஏமி தங்கியிருந்த வீட்டுக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கூட்டிவரப்பட்டாள். பெயர் ப்ரீனா. கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதற்காக ஒரு வீட்டில் வைக்கப்பட்டிருந்தவள். அதற்கு முன்னால் ஒருமுறை தப்பி அம்மாவிடமே ஓடியிருக்கிறாள். அம்மாவோ பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவிட்டுவிட்டார். தண்டனையாகப் பிள்ளையின் கையில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை ஓடியபோது வந்து சேர்ந்த இடம்தான் ஏமியின் மடி.

அதற்குப் பிறகு குழந்தைகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அப்போது டோனாவூர் ஒரு சின்னக் கிராமம். ரேனியஸ் ஐயர் காலத்தில் கோயில் கட்டப் பணம் அனுப்பிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரே ஊருக்கும் ஆகியிருந்தது. அங்கே சில வீடுகள், ஒரு கோயில். அவ்வளவுதான். 1913 வாக்கில் அந்த வளாகத்தில் 130 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 1918-இலிருந்து ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பிள்ளை காலைக் கட்டும்

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்காக வந்தவர் ஏமி. அதற்காகத்தான் அனுப்பினார்கள், அதற்காகத்தான் தமிழ் படித்தார். இப்போது என்னவென்றால் காலையில் எழுந்தால் பால் காய்ச்ச வேண்டும், பீத்துணி அலச வேண்டும், ராத்திரி அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழி ஏமியின் காதிலும் விழுந்திருக்கிறது. தன் புத்தகத்தில் அதைச் சொல்லவும் செய்கிறார். 'இவ்வளவு தூரம் வந்தது குழந்தைகளின் கால் நகம் வெட்டவா?' என்கிற மாதிரி ஒரு கேள்வி அவருக்குள்ளேயே வந்தது. வெளியே இருந்தவர்களும் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு அவர் கண்ட பதில், சீடர்களின் காலைக் கழுவுவதற்காக இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்ட அந்தச் சம்பவம். வேலையில் பெரிசு, சிறிசு கிடையாது என்று முடிவு செய்துகொண்டார். தன் காலைப் பிள்ளைகள் கட்டிப்போட அனுமதித்தார்.

பெரிய மேடைகளில் பேசுகிறவர்களை நாம் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். நகம் வெட்டுகிறவர்களை வைத்துக்கொள்வதில்லை. ஏமி முப்பதுக்கு மேல் புத்தகங்கள் எழுதியவர், உலகம் முழுக்க வாசகர்கள் உண்டு. ஆனால் டோனாவூரில் அவருக்குக் கிடைத்த பெயர் எழுத்தாளர் என்பதல்ல.

சித்தி, அக்காள், அண்ணாச்சி

விடுதி என்றால் வார்டன் இருப்பார். அநாதை இல்லம் என்றால் சூப்பிரண்டென்ட் இருப்பார். டோனாவூரில் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கே வேலை செய்த வெளிநாட்டுப் பெண்கள் எல்லாரும் 'சித்தி'. பிள்ளைகளை வளர்த்த நம்மூர்ப் பெண்கள் எல்லாரும் 'அக்காள்'. ஆண்கள் 'அண்ணாச்சி'. லண்டனில் படித்துவிட்டு வந்த டாக்டராக இருந்தாலும் அண்ணாச்சிதான்! திருநெல்வேலிப் பக்கத்து உறவுமுறையை அப்படியே எடுத்து ஒரு நிறுவனத்தின் பதவிப் பெயர்களாக ஆக்கிவிட்டார்கள். ஏமி மட்டும் அம்மா.

இன்னொன்றும் செய்தார்கள். வந்த குழந்தைகள் பலருக்கு எந்த நாளில் பிறந்தார்கள் என்றே தெரியாது. அதனால் பிறந்த நாளுக்குப் பதிலாக 'வந்த நாள்' கொண்டாடினார்கள். நீ எங்களிடம் வந்து சேர்ந்த நாள். யோசித்துப் பாருங்கள், பிறந்த நாள் என்பது நமக்குத் தெரியாமலே நடந்துவிட்ட ஒன்று. வந்த நாள் என்பது இன்னொருவர் 'சரி, வா' என்று சொன்ன நாள். எனக்கு எது பெரிசு என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பொன்னம்மாள்

ஏமியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அவரே நிறுத்தவில்லை. பொன்னம்மாள் என்ற பெண்ணைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார், 1918-இல் வந்தது.

பொன்னம்மாள் இளம் வயதிலேயே விதவையானவர். பாளையங்கோட்டையில் மாமியார் வீட்டில் இருந்தவர். நட்சத்திரக் கூட்டத்தில் சேர்ந்த பிறகு தன் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டார். நகை இல்லாமல் ஒரு பெண் வெளியே நடமாடுவது குடும்ப கௌரவத்துக்கே இழுக்கு என்று நினைத்த காலம் அது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு சேர்ந்து அலைவதற்கே எவ்வளவு பேச்சுக் கேட்டிருப்பார்!

கைக்குழந்தைகள் வர ஆரம்பித்தபோது டோனாவூரில் பக்கத்தில் டாக்டர் கிடையாது. அதனால் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு வீடு எடுத்தார்கள். அந்த வீட்டின் பொறுப்பு பொன்னம்மாளிடம். நோஞ்சானாக வந்து சேர்ந்த குழந்தைகளுக்கு என்ன பால் எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தக் குழந்தை பிழைக்கும், எது கையை விட்டுப் போகும் என்பதையெல்லாம் ராத்திரி கண்விழித்துக் கற்றுக்கொண்டவர் அவர்தான். கற்றுக்கொண்டதை இளம் பெண்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். 1915-இல் புற்றுநோயால் இறந்தார்.

ஏமி அம்மாவாக இருந்தது தனியாக அல்ல. அவரைச் சுற்றி ஒரு அம்மாக் கூட்டமே இருந்தது. ஒரு அம்மா இன்னொரு பெண்ணை அம்மாவாக ஆக்குகிறார், அவர் இன்னொருவரை. வழிகாட்டி என்றால் இதுதான் என்று நினைக்கிறேன். தன்னைப் பார்த்துக் கைதட்ட ஆள் சேர்ப்பது இல்லை, தன் வேலையைச் செய்ய ஆள் சேர்ப்பது.

எங்கள் பெரியம்மா

என்னைப் பெற்ற அம்மா நான் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது நோயில் இறந்துபோனார். அப்பாவுக்குப் பிரஸ்ஸில் ஷிப்ட் வேலை. காலையில் என்னை இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போவார். "அக்கா, பிள்ளைய பாத்துக்கங்க." அவ்வளவுதான் ஒப்பந்தம். அந்த அக்காதான் எனக்குப் பெரியம்மா. எங்களுக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. ஒரே சபை.

அவரும் கல்யாணம் ஆகாதவர். சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர். அந்தத் தலைமுறையில் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அங்கே போனவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெரியம்மா அஞ்சாம் வகுப்போடு நின்றவர். பின்னால் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்து கடைசி வரை அங்கேயே இருந்தார். நாள் பூரா ஃபாரம் மடிப்பார். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் காலண்டர் வேலை ராத்திரி வரை போகும். அச்சு தப்பிப்போன காலண்டர் தாள்களைக் கேட்டு வாங்கி வருவார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். நான் கணக்குப் போட்டுப் பழகினது முழுக்க அந்தத் தாள்களில்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பேன் சீப்பால் தலையைச் சீவி விடுவார். பிளேடைப் பாதியாக உடைத்து எல்லாருக்கும் நகம் வெட்டுவார். கை நகம், கால் நகம் இரண்டும். "ஆடாத கழுத, விரல் போயிரும்" என்பார். வெட்டிக்கொண்டே மறுநாள் ஓய்வுநாள் பள்ளியில் சொல்ல வேண்டிய வசனத்தைக் கேட்பார். வசனம் தெரிந்தால் மிட்டாய். தெரியாவிட்டாலும் மிட்டாய். ஆனால் கொஞ்சம் லேட்டாகக் கிடைக்கும்!

டோனாவூரைப் பற்றி முதலில் சொன்னவரும் அவர்தான். "அந்தம்மா நம்ம சிவகாசிக்காரரப் பத்தியும் புஸ்தகம் எழுதியிருக்காங்க தெரியுமா?" என்பார் பெருமையாக. சிவகாசிக்காரர் என்று அவர் சொன்னது ராக்லாந்து ஐயரை. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்து, வட திருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராக அலைந்து, 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தவர். (சிவகாசி அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-இல்தான் ராமநாதபுரத்துக்குப் போனது.) அவரைப் பற்றி ஏமி எழுதிய புத்தகம் 1922-இல் வந்தது. ஜிப்ரால்டரில் பிறந்தவரைச் சிவகாசிக்காரர் ஆக்கிவிடுகிற மனசு பெரியம்மாவுக்கு இருந்தது. ஒருவர் எந்த ஊரில் இறந்துபோகும் வரை இருந்தாரோ அதுதான் அவருடைய ஊர் என்பது அவர் கணக்கு.

கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். பெற்றோர் தவிர, அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர் பெயரும் உறவும் கேட்டிருந்தது. பெரியம்மா என்று எழுதினேன். "அம்மாவோட அக்காவா?" என்று கேட்டார் அலுவலர். இல்லை என்றேன். "அப்பாவோட அண்ணன் வீட்டம்மாவா?" இல்லை. "அப்ப எப்படிம்மா பெரியம்மா?" சபையில், என்றேன். அவர் உறவு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு என்னிடமும் வேறு சொல் இல்லை. ஆனால் அந்தக் கோடு மட்டும் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. சித்தி, அக்காள், அண்ணாச்சி என்று டோனாவூரில் ஏன் வைத்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு நண்பனின் கேள்வி

வகுப்பு நண்பன் ஒருவனிடம் இதையெல்லாம் சொன்னபோது நேராகவே கேட்டான். "எல்லாம் சரி, கடைசியில் இது மதம் மாத்துன கதைதானே?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஏமி கிறிஸ்தவ மிஷனரி. வந்த குழந்தைகளைக் கிறிஸ்தவர்களாகத்தான் வளர்த்தார். அதை அவர் மறைத்ததும் இல்லை. பிள்ளைகளைக் கடத்துகிறார் என்ற குற்றச்சாட்டு வந்தது, கோர்ட்டு வரை போனது. தேவதாசி முறையை அவர் பார்த்தது ஒரு மிஷனரியின் கண்ணால். அந்த முறைக்குள் இருந்த பாட்டு, நாட்டியம், சொத்துரிமை எல்லாம் அவர் கண்ணில் பெரிதாகப் படவில்லை. பின்னால் ஒழிப்புச் சட்டப் பேச்சு வந்தபோது பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்களே அதை எதிர்த்தார்கள். அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்மை. சட்டம் கொண்டுவந்தது டோனாவூர் அல்ல. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த ஒரு தாயின் மகளான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-இல் மாகாண சட்டசபைக்குள் போய் இதை எழுப்பினார். அந்த முறையின் கொடுமையைத் தன் வாழ்க்கையிலேயே பார்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மேடை மேடையாகப் பேசினார், 1936-இல் நாவலும் எழுதினார். கடைசியில் சட்டம் வந்தது 1947-இல். முத்துலட்சுமி ரெட்டியும் சட்டத்தோடு நின்றுவிடவில்லை. போக இடமில்லாமல் வந்த பெண் பிள்ளைகளுக்காக அடையாறில் அவ்வை இல்லத்தை ஆரம்பித்தார். பாருங்கள், ஒருவர் பைபிளை வைத்துக்கொண்டு வந்தார், ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேர் வீட்டு வாசலிலும் வந்து நின்றது அதே வயதுப் பெண் பிள்ளைகள்தான்.

நண்பனுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். சட்டம் வருவதற்கு 46 வருஷம் முன்னால், கையில் சூட்டுக் காயத்தோடு ஏழு வயதுப் பிள்ளை வாசலில் நிற்கிறாள். உள்ளே கூப்பிட்டவருடைய கொள்கையோடு எனக்கோ உனக்கோ வழக்கு இருக்கலாம். கூப்பிட்டதில் எனக்கு வழக்கு இல்லை. அவன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கட்டிலில் இருபது வருஷம்

1919-இல் அரசாங்கம் ஏமிக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. அவருக்குச் சங்கடமாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். கடைசியில் ஏற்றுக்கொண்டாலும் மெட்ராஸ் விழாவுக்குப் போகவில்லை.

1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருந்தகத்துக்காக ஏற்பாடு செய்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். சாயங்கால இருட்டில் தோண்டிக் கிடந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, முதுகிலும் அடி. அதற்குப் பிறகு முழுசாக எழுந்து நடமாடவே இல்லை. ஏறக்குறைய இருபது வருஷம் ஒரே அறை, ஒரே கட்டில்.

ஓடியாடி வேலை செய்கிறவர்களை அம்மா என்று கூப்பிடுவது சுலபம். படுத்த படுக்கையான பிறகும் அந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்றால் வேறு ஏதோ இருக்க வேண்டும். அவர் என்ன செய்தார்? எழுதினார். புத்தகங்கள் ஒரு பக்கம். அதைவிட, பிள்ளைகளுக்கும் அக்காள்மாருக்கும் சித்திமாருக்கும் துண்டுச் சீட்டுகள். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வந்த நாள், யார் யாரோடு மனஸ்தாபம் என்பதெல்லாம் அந்தக் கட்டிலுக்கு வந்து சேரும். அங்கிருந்து நாலு வரி புறப்படும். அந்த அறைக்கு வெளியே பிள்ளைகளின் வீடுகளும், ஜெப வீடும், 'பரம சுகசாலை' என்ற ஆஸ்பத்திரியும் அவர் இல்லாமலே நடக்கக் கற்றுக்கொண்டன. இதுதான் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. தான் இல்லாவிட்டால் விழுந்துவிடுகிற வீட்டை அவர் கட்டவில்லை. டோனாவூர் ஐக்கியம் இன்றைக்கும் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

தன் கல்லறைக்கு மேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். கல் வைக்கவில்லை. பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல். அம்மை. பிறந்த ஊர் இல்லை, தேதி இல்லை, பதக்கம் இல்லை.

பிடி அரிசி

எங்கள் பெரியம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி யாரும் புத்தகம் எழுதப்போவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரைக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் முதலில் சொந்தக்காரர்கள் மண் போட்டார்கள். தம்பி மகன், தம்பி மகள், அப்புறம் ஊர்ப் பெரியவர்கள். நாங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். எந்த வரிசையில் சேர வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஐயர் கடைசியில், "அம்மாவுடைய பிள்ளைகள் யாராவது இருந்தா வாங்க" என்றார். கல்யாணம் ஆகாதவருக்குப் பிள்ளைகள் ஏது என்று தம்பி மகன் திரும்பிப் பார்த்தார். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பிறகு எல்லாரும் போனோம். பட்டாசு ஆபீசிலிருந்து பாதி நாள் லீவு போட்டு வந்த அக்கா ஒருவர், கோயம்புத்தூரில் நர்சாக இருக்கிறவர், லோடு ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், நான், இன்னும் எத்தனையோ பேர். மண் போட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆனது. விடுதி விண்ணப்பத்தில் கோடு விழுந்த அந்தக் கட்டம் எனக்கு அன்றோடு நிரம்பிவிட்டது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். சேர்ந்ததைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுப்பார்கள். பெரியம்மா வீட்டில் இரண்டு டப்பா இருந்தது. ஒன்று கோயிலுக்கு. இன்னொன்றில் சேர்கிற அரிசியை மாசக் கடைசியில் விற்றுப் பணமாக்கி, பரீட்சைப் பீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு வைத்திருப்பார். அதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டை ஒழித்தபோது டப்பா மூடிக்கு உள்ளே ஒட்டியிருந்த காலண்டர் தாளைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. பின்பக்கம் பென்சிலில் பெயர்களும் தொகையும். என் பெயரும் இருந்தது.

அவருக்கு மார்பிளில் ஒரு கல் வைக்கலாம் என்று சபையில் பேச்சு வந்தது. வைக்கலாம், தப்பில்லை. பணம் சேர்ந்தால் வைப்பார்கள். அந்த இரண்டாவது டப்பா இப்போது நர்ஸ் அக்காவின் அம்மா வீட்டில் இருக்கிறது. ஒரே டப்பா போதவில்லை என்று நாலு வீட்டில் வைத்திருக்கிறோம். நான் விடுதியில் இருப்பதால் அரிசி போட முடியாது, மாசம் நூறு ரூபாய் அனுப்புகிறேன். இந்த வருஷம் ஜூனில் இரண்டு பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டியாயிற்று. ஒருத்தி ஆறாம் வகுப்பு, இன்னொருத்தி பதினொன்று. பதினொன்று படிக்கிறவள் சனிக்கிழமை சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு நகம் வெட்டிவிடுகிறாளாம். இப்போது நெயில் கட்டர்தான், பிளேடு இல்லை.